மேடத்துக்குப் போர்த்தாத பொன்னாடை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. இதுவரை நான் எழுதியதிலேயே நீளமானது, ஹோட்டலில் பராமரிப்புப் பிரிவுக்கு எழுதிய ஒரு குறிப்பு. குளியலறைக் குழாய் சொட்டுகிறது, விருந்தாளி கோபமாக இருக்கிறார், தயவுசெய்து வந்து பார்க்கவும் என்று எழுதினேன். அதைப் படித்த மேற்பார்வையாளர், "குழாய் ரிப்பேர்னு எழுதுனா பத்தாதா?" என்று கேட்டார். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டவனுக்கு அதற்கு மேல் சுருக்கத் தெரியவில்லை. மனித உரிமை பற்றி எழுதத் தகுதியுள்ளவர்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மாடிக்கு மாடி இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் வேலையாக இருப்பதால் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஹோட்டலில் நான் அறை சுத்தம் செய்கிறேன். வீடு கிள்ளானில், மலிவு விலை பிளாட்டில். தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருகிறேன். வெளி ஆட்களிடம் பேசுவதென்றால் எனக்குக் கை வியர்க்கும். ஆனால் ஹோட்டல் சட்டையை மாட்டிவிட்டால் ஆங்கிலம் வரும். அந்த ஆங்கிலம் முழுக்க ஹோட்டலில் கற்றது. அதில் துண்டு உண்டு, தலையணை உண்டு, இன்னொரு போர்வை உண்டு. குடியுரிமை கிடையாது. விருந்தாளியிடம் பிரச்சினை என்ற வார்த்தையை முன்னால் 'நோ' போடாமல் சொல்லவே கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அறைக்குள் தண்ணீர் வெள்ளமாக ஓடினாலும் "நோ ப்ராப்ளம், சார்" என்று சொல்லிவிட்டுத்தான் வாளி எடுக்க ஓட வேண்டும்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் ஓர் அக்காவும் அவருடைய மகளும் இருக்கிறார்கள். அக்கா தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பிறந்ததை யாரும் பதியவில்லை. பின்னால் தோட்டமே போய் அந்த இடத்தில் தாமான் என்று புது வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. லோரி ஓட்டும் ஓர் அண்ணன் அவருக்குக் கோயிலில் தாலி கட்டி இங்கே அழைத்து வந்தார். எல்லாரும் போய் அட்சதை போட்டோம். நானும் போட்டேன், சாப்பாடும் நன்றாக இருந்தது. தாலி கட்டியாச்சு, அப்புறம் எதுக்கு ரிஜிஸ்டர் என்பது நம் ஆட்களின் வழக்கம். அண்ணனிடம் குடிமக்களுக்குக் கொடுக்கும் நீல அடையாள அட்டை இருந்தது. அக்காவிடம் எதுவும் இல்லை. சட்டத்தின் கண்ணில் கல்யாணமே நடக்காததால் குழந்தை அம்மாவின் கணக்கில் போய்விட்டது. அம்மாவுக்கு நாடு இல்லை, ஆகவே மகளுக்கும் இல்லை. கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்த அந்தப் பெண்ணின் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகள் அல்ல' என்று அச்சாகியிருக்கிறது. லோரிக்கார அண்ணன் இப்போது இல்லை.

மகள் ஓர் ஏர்கோன் கடையில் வேலை பார்க்கிறாள். ஏணியில் ஏறி வெளிப்பெட்டியைக் கழற்றுவாள், கழுவுவாள், காஸ் அடைத்துத் திரும்ப மாட்டுவாள். எங்கள் பிளாட்டில் யார் வீட்டு ஏர்கோன் சொட்டினாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தொழிற்பயிற்சிக் கழகத்தில் அவளுக்கு இடம் தர ஒப்புக்கொண்டார்கள். படித்துச் சான்றிதழ் வாங்கினால் சொந்தமாகவே கடை போடலாம். ஆனால் ஐசி, அந்த நீல அட்டை, வேண்டும். குடியுரிமைக்கு மனு போட்டாள், மறுத்தார்கள். திரும்பப் போட்டாள், திரும்ப மறுத்தார்கள். காரணம் சொல்வதில்லை. வகுப்பு தொடங்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் பிரிக்பீல்ட்ஸில் சேலைக்கடைக்கு மேல் மாடியில் சட்ட உதவி அலுவலகம் நடத்தும் ஒரு வழக்கறிஞர், நாங்கள் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர், ஒரு செய்தி கொண்டு வந்தார். நாடு நாடாகப் போய் அங்கங்கே சிறுபான்மை இனத்தவரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்து அறிக்கை எழுதும் ஓர் அம்மையார் கோலாலம்பூர் வருகிறார். சில வீடுகளுக்கு நேரில் போவார். மறுநாள் காலை அரசாங்க அதிகாரிகளைச் சந்திப்பார். அந்தச் சந்திப்பில் எல்லார் கதையையும் சொல்ல நேரம் இருக்காது. வீடுகளில் கேட்டதிலிருந்து சிலருடைய வழக்கை மட்டும் எடுத்து வைப்பார். அக்கா வீட்டுக்கும் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"அக்காவுக்குத் தமிழும் கொஞ்சம் மலாயும்தான் வரும்ணே. மகள் தன் கதைய தானே இங்கிலீஷ்ல மாத்திச் சொன்னா நல்லா இருக்காது, அதனால அவ வேணாம். நீங்க ஹோட்டல்ல வெள்ளக்காரங்ககிட்ட பேசுறவரு. அக்கா சொல்றத அப்படியே இங்கிலீஷ்ல சொன்னா போதும். செய்வீங்களா?" என்று தங்கச்சி கேட்டார்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "நோ ப்ராப்ளம்" என்று வந்துவிட்டது.

வீட்டில் சொன்னபோது என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா? கேஸ் தோம்பு கொண்டு வர்றவன்கிட்ட பேசுறதுக்கே என்னைத்தான கூப்பிடுவீங்க!"

செய்தி பிளாட் முழுக்கப் பரவியது. குடியிருப்பாளர் சங்கத் தலைவர் விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பழைய இரும்பு வியாபாரம் செய்து ஓய்ந்தவர். குரல் மட்டும் ஓயவில்லை. எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் அவர் யாருக்காவது பொன்னாடை போர்த்தியாக வேண்டும். ஒருமுறை பொங்கல் விழாவில் மைக்கைச் சரிசெய்ய வந்தவருக்கும் போர்த்தினார். வயரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த அந்த மனிதர் அப்படியே நின்றார்.

"மேடம் எந்த ஊருலா?"

"தெரியலண்ணே. ஜெனிவாவுலேருந்து வராங்களாம்."

"அப்ப வெள்ளக்காரிதான். மீகூன்ல காரம் கம்மியா போடச் சொல்லு. கறிபாப்பு வேணா நாலு எடுத்து வை, டேஸ்ட் பாக்கட்டும். பொன்னாடை நான் வாங்கிட்டு வரேன். தங்கக் கலரு, பெரிய பார்டரு. நீ என் பக்கத்துலயே நில்லு. வெல்கம்னு சொல்றது உன் வேலை."

அக்காவின் மகள் மட்டும் என்னைத் தனியாகப் பிடித்து ஒன்று சொன்னாள். "அங்கிள், நாங்க சொல்றத மட்டும் சொல்லுங்க, ஓகேவா? கூட்ட வேணாம், குறைக்க வேணாம்."

"நோ ப்ராப்ளம்மா" என்றேன். அவள் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை.

அந்த நாள் வந்தது. நானும் தலைவரும் கீழே காவலர் குடிசைக்குப் பக்கத்தில் நின்றோம். தலைவரின் இரண்டு கையிலும் பொன்னாடை, விரித்த நிலையில். நான் ஹோட்டல் சட்டையிலேயே வந்திருந்தேன். அது இல்லாமல் எனக்கு ஆங்கிலம் வராது. வழக்கறிஞர் தங்கச்சி தன் காரில் பின்னால் வருவதாகப் போனில் சொல்லியிருந்தார்.

வேன் வந்து நின்றது. முன் கதவைத் திறந்துகொண்டு மஞ்சள் முடியும் வெயிலில் சிவந்த முகமுமாக ஓர் இளைஞர் இறங்கினார். கையில் ஒரு கோப்பு. பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு, உயரமான, நல்ல கறுப்பான ஓர் அம்மா இறங்கினார். தோளில் கனமான பை. அவரே தூக்கிக்கொண்டார்.

"மேடம்னு சொன்னியே, ஆம்பள வந்திருக்கான்?" என்று தலைவர் என் காதைக் கடித்தார்.

"மேடம் வர முடியலபோல. சாரை அனுப்பியிருக்காங்க" என்றேன்.

அந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று பல நாள் பயந்தேன். வருவது பெண் என்று வாரக்கணக்காகத் தெரியும். கண்ணெதிரே ஒரு பெண் நிற்கிறார். இருந்தாலும் ஆணாக இருந்தால் பரவாயில்லை, வெளுப்பாக இருந்தால் போதும் என்று என் மூளை கண் சிமிட்டுவதற்குள் சொல்லிவிட்டது. இத்தனைக்கும் நானே ஒன்றும் வெளுப்பில்லை. மின்சாரம் போன நேரத்தில் ஹோட்டல் தாழ்வாரத்தில் என்னைப் பார்த்துக் கத்திய விருந்தாளிகள் உண்டு.

தலைவர் பொன்னாடையை நீட்டிக்கொண்டு முன்னேறினார். இளைஞர் பின்வாங்கி, இரண்டு கைகளையும் ஆட்டி, வேண்டாம் வேண்டாம், நானில்லை என்பதுபோல ஏதோ சொன்னார். இங்கேதான் நம் பழக்கம் எங்களைக் கவிழ்த்தது. பொன்னாடை போர்த்த வரும்போது நம் ஆட்கள் யாரும் உடனே தோளைக் காட்ட மாட்டார்கள். ஐயோ எனக்கெதுக்கு என்பார்கள், பக்கத்தில் இருப்பவரைக் காட்டுவார்கள், அதற்குப் பிறகுதான் குனிவார்கள். அவரும் அந்த அம்மாவைத்தான் கை காட்டினார். ஆகா, நம் பண்பாடு தெரிந்த மனிதர் என்று எனக்கு மரியாதை கூடிப்போனது. "யெஸ் சார், ப்ளீஸ் சார், நோ ப்ராப்ளம் சார்" என்று நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, தலைவர் போர்த்தியே விட்டார். மேல்மாடிகளிலிருந்து கைதட்டல் வந்தது.

அடுத்ததாகத் தலைவர் அந்த அம்மாவைப் பார்த்தார். "கூட வேலைக்கு வந்தவங்களா? பாவம், இவ்ளோ பெரிய பைய தூக்கிட்டு மாடி ஏறணுமா? லிப்ட்டு வேற கெட்டுப்போச்சு. கீழ டிரைவரோட உக்காரச் சொல்லு. சாப்பாடு இங்கயே அனுப்பலாம்."

அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அதுதான் இன்னும் மோசம். நான் ஹோட்டலில் பழக்கியபடி உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, காவலர் குடிசையோரம் இருந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினேன். "ஸ்டாஃப் சீட்டிங் திஸ் வே, மேடம்."

அவர் நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நல்ல நாற்காலிதான், நன்றி, ஆனால் என் வேலை மாடியில் இருக்கிறது என்று மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார்.

அப்போதுதான் வழக்கறிஞர் தங்கச்சி காரை நிறுத்திவிட்டு மூச்சு வாங்க ஓடி வந்தார். பொன்னாடையோடு நிற்கும் இளைஞரைப் பார்த்தார். நீட்டியபடியே இருந்த என் கையைப் பார்த்தார். அது காட்டிய நாற்காலியைப் பார்த்தார்.

"அண்ணே... அவங்கதான்ணே மேடம்!"

மாடி ஏறினோம். மேடம் முன்னால், தங்கச்சி அவர் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டபடி, அடுத்து முகம் இன்னும் சிவந்துபோன இளைஞர், கடைசியில் நாங்கள் இரண்டு பேர்.

"டேய், அவன்கிட்டேருந்து பொன்னாடைய வாங்கி அந்தம்மாவுக்குப் போத்திரலாமா?" என்று தலைவர் கிசுகிசுத்தார்.

"ஒருத்தருக்குப் போத்துனத எப்படிண்ணே உருவுறது?"

"அப்ப பஜார்ல போய் இன்னொன்னு வாங்கிட்டு வரவா?"

"வேணாம்ணே. நீங்க வர்றதுக்குள்ள அவங்க போயிருவாங்க."

"எல்லாம் உன்னாலதான். ஹோட்டல்ல ஷூவப் பாத்தே ஆளச் சொல்லுவேன்னு பீத்திக்குவியே. ஷூவப் பாக்கலியா?"

பார்க்கவில்லை. முகத்திலேயே நின்றுவிட்டேன்.

அக்கா வீட்டு வாசலில் அவரும் மகளும் நின்றார்கள். கீழே நடந்தது அவர்களுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. எங்கள் பிளாட்டில் லிப்ட் ஓடாவிட்டாலும் செய்தி ஓடும். மகள் என்னைப் பார்த்த பார்வை, ஏணியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரைத் தவறவிட்டு யார் தலையிலோ போட்டவனைப் பார்ப்பதுபோல இருந்தது. அவள் பயம் எனக்கும் புரிந்தது. இந்த அம்மா மனம் கசந்து எழுந்துபோனால், நாளை அதிகாரிகளிடம் போகும் வழக்குகளில் இவளுடையது இருக்காது.

மேடம் உட்கார்ந்தார். அவருடைய உதவியாளரான அந்த இளைஞர் பொன்னாடையை மடித்து சோபா கைப்பிடியில் வைத்துவிட்டு எழுதத் தயாரானார். நான் நடுவில் உட்கார்ந்தேன்.

உடம்பு சரியில்லாவிட்டால் எங்கே போவீர்கள் என்று மேடம் முதலில் கேட்டார். அக்கா மெதுவாகச் சொன்னார். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் வெளிநாட்டுக்காரர் கட்டணம் கேட்கிறார்கள், அதனால் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவேன், ஒருமுறை நெஞ்சு வலித்தபோதும் அப்படித்தான் படுத்திருந்தேன், மகள்தான் விடியும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்றார்.

நான் மேடத்தைப் பார்த்துப் புன்னகைத்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "ஷி டேக் மெடிசின் அட் ஹோம், மேடம். தென் ரெஸ்ட். நோ ப்ராப்ளம்."

"அங்கிள்!" என்றாள் மகள்.

"சாரி சாரி." திரும்பச் சொல்ல முயன்றேன். ஆனால் அந்த வார்த்தைகள் என்னிடம் இல்லை. இருந்ததெல்லாம் 'ஐ வில் செக் ஃபார் யூ'.

தங்கச்சி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இந்த இடைவெளியில் தலைவர் புகுந்தார். நிலைமையைச் சரிசெய்வதாக அவர் நினைப்பு. "மேடத்துகிட்ட சொல்லுடா, நம்ம இனத்துக்கு வாடகைக்கு வீடு குடுக்க மாட்டேங்கறான். எங்க பாத்தாலும் இந்தியன் வேணாம்னு விளம்பரம் போடுறான். என் மவனும் மருமவளும் பூச்சோங்ல எத்தன வீடு பாத்தாங்க! போன்ல சரிங்கறான், நேர்ல மூஞ்சியப் பாத்ததும் வேற ஆளு வந்துட்டான்ங்கறான். இதெல்லாம் மனித உரிமை இல்லியா? கேளு!"

இதைச் சொல்ல எனக்கு வார்த்தை இருந்தது. அறை இல்லை என்று சொல்வது என் தொழில். ஓரளவு சரியாகவே சொன்னேன். மேடம் கவனமாகக் கேட்டார். இளைஞர் எழுதினார். பிறகு மேடம், பக்கத்து வீட்டு வாசலில் 'வாடகைக்கு' என்று பலகை தொங்குகிறதே, அது யாருடையது என்று கேட்டார்.

"என்னுதுதான்" என்றார் தலைவர், பெருமையாக.

எனக்குத் தர முடியுமா என்று மேடம் கேட்டார்.

"என்ன கேக்குறாங்க?"

சொன்னேன். தலைவர் எழுந்தே நின்றுவிட்டார். "மேடம்னா கண்டிப்பா! டெபாசிட்டே வேணாம்னு சொல்லு!"

நான் இந்த வேலையில் இல்லை, இங்கே ஏதோ கல்லூரியில் படிக்க வந்த மாணவி, இதே முகம், அப்போது? அதையும் மேடம் சிரிப்பில்லாமல், கோபமுமில்லாமல்தான் கேட்டார். ஊர் விலாசம் கேட்பதுபோல.

நான் தலைவருக்குச் சொன்னேன். எனக்கும் தலைவருக்கும் ஒரே விஷயம்தான் ஞாபகம் வந்திருக்கும். கொஞ்ச காலத்துக்கு முன் ஆப்பிரிக்க மாணவர்கள் இரண்டு பேர் அதே பலகையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். தலைவர் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினார். நான் கைலியோடு வந்து நின்று, "ஸாரி சார், ஃபுல்லி புக்ட்" என்றேன். ஒரே ஒரு வீடு, அதுவும் காலி. அவர்கள் பலகையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு நான் வருத்தப்பட்டதாகக்கூட ஞாபகம் இல்லை. என் ஆங்கிலம் நன்றாக வந்தது என்று அன்று சந்தோஷம்தான்.

தலைவர் உட்கார்ந்தார். "யோசிப்பேன்னு சொல்லு" என்றார். குரல் முதல்முறையாகச் சின்னதாக இருந்தது. "பொய் சொன்னா தெரிஞ்சிரும் இவங்களுக்கு. யோசிப்பேன்னே சொல்லு."

"ஹி வில் திங்க், மேடம்" என்றேன். "ஐ ஆல்ஸோ." அன்று நான் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தது அது ஒன்றுதான். கடைசியில் இருந்தது என் சொந்தச் சரக்கு.

மேடம் தலையாட்டினார். தான் தங்கும் ஹோட்டல்களில் தாழ்வாரத்தில் நடந்தால் மற்ற விருந்தாளிகள் தன்னிடம் துண்டு கேட்பார்கள் என்றார். என் வாய் தன் பழக்கத்துக்கு, "டவல் ஐ கேன் பிரிங், மேடம்" என்றது.

அவர் சிரித்தார். தங்கச்சியும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"அங்கிள், தலைவரே, நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய நில்லுங்க. ப்ளீஸ். மேடத்துக்கு அடுத்த வீட்டுக்குப் போகணும். நேரம் பூரா நீங்களே பேசிட்டீங்க. இன்னும் என்னைப் பத்தி ஒரு வார்த்த கூட வரல."

அக்கா, "பெரியவங்கள அப்படிச் சொல்லாதடி" என்றார். மகள் காதில் வாங்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். வழக்கறிஞர் தங்கச்சியும் அவளை உட்கார்த்தப் பார்க்கவில்லை. நானும் தலைவரும் எழுந்து வெளியே வந்தோம். சொல்லப்போனால் எனக்கு நிம்மதியாக இருந்தது.

தாழ்வாரத்தில் நின்று இரும்புக் கதவுக் கம்பி வழியாகக் கேட்டோம். அவள் ஆங்கிலத்திலேயே பேசினாள். ஏர்கோன் வேலைக்குப் போகும் வீடுகளில் பேசிப் பேசி வந்த ஆங்கிலம். அழகு கிடையாது, ஆனால் எதற்கும் திணறவில்லை. முதலில் அம்மாவின் நெஞ்சுவலியைச் சொன்னாள், அக்கா சொன்னபடியே. பிறகு தன்னுடையதைச் சொன்னாள்.

ஒருநாள் கடை வேனில் ஷா ஆலாம் போகும் வழியில் போலீஸ் தடுப்பு. மற்றவர்கள் ஐசியை நீட்டினார்கள். இவள் பிறப்புப் பத்திரத்தின் நகலை நீட்டினாள். எங்கிருந்து வந்தாய் என்று கேட்டார்கள். கிள்ளான் என்றாள். அது தெரியும், எந்த நாடு என்றார்கள். இதுதான் என்றாள். நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். முதலாளி வந்து பேசும்வரை, வெளிநாட்டுப் பெண்களோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண், பயப்படாதே, உன் தூதரகத்துக்குப் போன் பண்ணுவார்கள் என்று இவளுக்குத் தைரியம் சொன்னாளாம். தனக்குத் தூதரகம் இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே இருந்தாளாம்.

அதற்குப் பிறகு, வழியில் தடுப்பு இருப்பதாகத் தெரிந்தால் முதலாளி அவளை முன்கூட்டியே இறக்கிவிடுகிறார். அவள் பஸ் பிடித்து, வேலை நடக்கும் வீட்டுக்குத் தனியாகப் போய்ச் சேர்கிறாள். ஏணி முன்னால் போகிறது, நான் பின்னால் போகிறேன் என்றாள்.

ஒரே வரிசையில் குடியிருக்கிறவன் நான். அவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தவன். இது எதுவும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு ஏர்கோனைக் கழுவிவிட்டு, என் மனைவி கொடுக்கும் டீயை அவள் குடிக்கும்போதெல்லாம், "வேலை எப்படிம்மா?" என்று கேட்டிருக்கிறேன். அவள் "ஓகே அங்கிள்" என்றிருக்கிறாள். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

தலைவர் மூக்கை உறிஞ்சினார். "கேட்டியாடா?"

"கேட்டேன்ணே."

"இத நீ இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா என்னாகியிருக்கும்?"

"போலீஸ் ஸ்டேஷன்ல ரெஸ்ட் எடுத்தா, நோ ப்ராப்ளம்னு சொல்லியிருப்பேன்."

உள்ளே மேடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எத்தனை முறை மனு போட்டாய், மறுப்பு எந்த மாதிரி வந்தது, பயிற்சிக் கழகம் என்ன சொல்கிறது. மகள் பதில் சொல்லச் சொல்லத் தங்கச்சி காகிதங்களை எடுத்துக் கொடுத்தார். அக்கா மீகூன் தட்டை நீட்ட, மேடம் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் எழுதினார். காரம் பத்தவில்லை என்று சம்பல் கேட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

புறப்படும்போது மகள்தான் அவரைக் கீழே வரை கொண்டுபோய் விட்டாள். இளைஞர் பொன்னாடையை எடுத்துக்கொள்ளவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளச் சொல்லவும் இல்லை. நான் பின்னாலேயே போனேன். வேன் கதவு மூடுவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று படி இறங்கும்போதே மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். கை வியர்த்தது.

"மேடம். வீ டூ வெரி பேட் வெல்கம். பிகாஸ் ஆஃப் அஸ், தி கேர்ள்... ப்ராப்ளம்?"

அந்தச் சொல்லை முன்னால் 'நோ' இல்லாமல் ஒரு விருந்தாளியிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேடம் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் குனிந்தார். நீங்கள் என்னை எப்படி வரவேற்றீர்கள் என்பது அவளுடைய வழக்கில் சேராது என்றார். நாளை அதை எடுத்து வைப்பேன். அவர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்பதற்கு நான் பொறுப்பேற்க முடியாது. வாடகை வீட்டு விஷயத்தையும் எழுதியிருக்கிறேன், இரண்டு பக்கத்தையும் என்றார்.

வேன் போனது. மகள் என் பக்கத்தில் நின்றாள். "என்ன அங்கிள் சொன்னாங்க?" என்று கேட்டாள், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று சோதிப்பவள்போல.

"நாளைக்கு உன் கேஸ சொல்லுவாங்களாம். அவங்க என்ன சொல்லுவாங்கன்னு தெரியாதாம்."

"ம். அதான் என்கிட்டயும் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள்.

மறுநாள் காலை அந்தச் சந்திப்பு நடந்தது. மத்தியானம் வழக்கறிஞர் தங்கச்சி போன் செய்தார். பெண்ணின் வழக்கை மேடம் எடுத்துச் சொன்னாராம். அதிகாரிகள் குறித்துக்கொண்டார்களாம். புதிதாக ஒரு மனு போடச் சொன்னார்களாம், பரிசீலிக்கிறோம் என்றார்களாம். மகள் அன்று பந்திங் பக்கம் வேலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் வந்ததும் அக்கா அவளிடம் சொன்னார். அவள் குளித்துவிட்டு, புது மனுவுக்குப் போட்டோ எடுக்கக் கடைக்குப் போனாள்.